பொன்னாடைக்குப் பயந்த சட்டத்தரணி

சட்டத்தரணி மேரிறோஸ் தம் வாழ்நாளில் பயப்பட வேண்டியவற்றுக்கெல்லாம் ஒழுங்காகப் பயந்தவர். சூறாவளிக்குப் பயந்தார். சின்னப் படகுகளுக்குப் பயந்தார். பயந்துகொண்டே முப்பது வருடமாக அந்தப் படகுகளில்தான் வழக்குக்குப் போனார். மந்திரிமாருக்குப் பயந்தார், அந்தப் பயத்தோடேயே அவர்கள்மேல் வழக்கும் போட்டுவிட்டு வருவார். ஆனால் லண்டன் தமிழ்ச் சான்றோர் உலகப் பேரவைக்கும் பயப்பட வேண்டும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால்தான் அகப்பட்டுக்கொண்டார்.

கொழும்பில் சட்டம் படித்துவிட்டு, பசிபிக் கடலில் அடுத்தடுத்து மூன்று தீவு நாடுகளில் பொதுச் சட்டத்தரணியாக இருந்தவர் அவர். வக்கீல் பிடிக்க வசதியில்லாத சனத்துக்காக அரசாங்கமே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் வக்கீலுக்குத்தான் அந்தப் பெயர். அந்தச் சனம் பெரும்பாலும் அரசாங்கத்தின்மேல்தான் வழக்குப் போடும் என்பதால், சம்பளம் கொடுப்பவர்களுக்கு இந்த உத்தியோகத்தின்மேல் அவ்வளவு பிரியம் கிடையாது. மீன்பிடிக் கப்பலிலிருந்து சம்பளமில்லாமல் இறக்கிவிடப்பட்ட மாலுமிகள், புருசனிடம் அடிவாங்கிப் பாதிரியாரால் சமாதானம் செய்துவைக்கப்பட்டு மறுபடி அடிவாங்கிய பெண்கள், இவர்களுக்காக ஈரப்பலா மரத்தடியில் கூடும் நீதிமன்றங்களில் நின்று வாதாடியிருக்கிறார். உப்புக் காற்றில் சட்டப் புத்தகங்கள் பழுதாகாமல் இருக்க அவற்றை நீல பிளாஸ்டிக் பீப்பாயில் போட்டுக் கொண்டு திரிவார்.

கடைசியாக அவர் கையில் இருந்தது மனேக்கா என்ற கிராமத்தின் வழக்கு. தலாவோ தீவுகளின் அரசாங்கம் அந்தக் கிராமத்துச் சனத்தைக் கூப்பிட்டு, கடல் ஏறிக்கொண்டு வருகிறது, உங்கள் உயிருக்கு ஆபத்து, ஊரை விட்டு எழும்புங்கள் என்றது. சனம் எழும்பினால் அதே மணலில் நீலக்குடா ரிசோர்ட்ஸ் என்ற கம்பனி எண்பது அறை ஹோட்டல் கட்டும். கடல் ஏறுவது குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான், அறை எடுத்துத் தங்குபவர்களுக்கு அல்ல என்று அரசாங்கப் பொறியியலாளர் சத்தியக்கடதாசி கொடுத்திருந்தார். மேரிறோஸ் இடைக்காலத் தடை வாங்கினார். கிராமத்தின் தலைவி தெரேவா கிழவி அவரைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

அதற்குப் பிறகுதான், தங்கையின் மகளும் தன் பெறாமகளுமான றூபினியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று இரண்டு கிழமை லீவு எடுத்து லண்டன் வால்தம்ஸ்டோவுக்கு வந்தார். அவர் விமானம் ஏறியதும் வழக்குத் தவணை முன்னுக்கு வந்துவிட்டது. யார் மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று கேட்க அங்கே ஆளில்லை. தலாவோவில் திங்கள் காலை கூடும் நீதிமன்றத்துக்கு லண்டனில் ஞாயிறு இரவு எட்டரை மணி. அந்த நேரத்தில் காணொளியில் முகம் காட்டாவிட்டால் தடை போய்விடும். மண் தோண்டும் பெக்கோ இயந்திரங்களை ஏற்றிய படகு ஏற்கெனவே மனேக்காவின் கரையில் வந்து நிற்கிறது என்று தெரேவா போனில் சொன்னாள். அதைக் கேட்ட நேரம் முதல் மேரிறோஸுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த நிலையில்தான் பேரவைத் தலைவர் டொக்டர் பாலேந்திரா போன் எடுத்தார்.

"தங்கச்சி, ஞாயிற்றுக்கிழமை கிங்ஸ்பரியில உங்களுக்குப் பாராட்டு விழா. 'கடல்சூழ் நீதிமாமணி' எண்டு பட்டம். மறுக்கக் கூடாது. அழைப்பிதழ் அடிச்சாச்சு."

"எனக்கு அண்டைக்குக் கோர்ட் இருக்கு, அண்ணை."

"ஞாயிற்றுக்கிழமையில என்ன கோர்ட்?"

"அங்க திங்கள், அண்ணை."

"இஞ்ச ஞாயிறுதானே? மூண்டு மணிக்கு டாண் எண்டு தொடங்கி ஆறு மணிக்கு முடிச்சுப்போடுவம். நான் பொறுப்பு."

முப்பது வருடம் குறுக்கு விசாரணை செய்த ஆள், சரி அண்ணை என்று சொல்லிப் போனை வைத்தார். அண்ணை என்று கூப்பிட்ட பிறகு ஏலாது என்று சொல்வது எப்படியென்று எந்தச் சட்டக்கல்லூரியிலும் படிப்பிப்பதில்லை.

அவரும் றூபினியும் மூன்று மணிக்கு மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் இருந்தார். அவர் ஒரு மணித்தியாலம் அப்படியே சொன்னார். பிறகு செயலாளர் ரதீசன் கோட்டுச் சூட்டோடு ஓடி வந்தான். வெற்றிலைத் தட்டும் குங்குமச் சிமிழும் வந்தன. மேடைக்குப் பின்னால் சுவரை மறைத்து ஒரு பதாகை ஏறியது. அதில் மேரிறோஸின் படத்தைச் சுற்றி எந்தத் தீவோ தெரியவில்லை, ஒட்டகங்கள் நின்றன. கீழே ஆளுயர எழுத்தில் 'பிரதான அனுசரணை: நீலக்குடா ரிசோர்ட்ஸ்' என்று இருந்தது.

மேரிறோஸ் அந்தப் பெயரை இரண்டாம் தரமும் வாசித்தார்.

"தம்பி, இவையை ஆர் பிடிச்சது?"

"நாங்கள் பிடிக்கேல்ல அக்கா, தாங்களாத் தேடி வந்தவை. உங்கள்ல அவ்வளவு மரியாதை. விருதுக்கும் அவைதான் யோசனை சொன்னவை. பேரவை வரலாற்றில அனுசரணையாளர் தாங்களா வந்தது இதுதான் முதல் தடவை."

"என்ன யோசனை?"

"நிறைவுற்ற சேவைக்கான விருது எண்டு. எங்கட யாப்பும் அதுதான். சேவை முடிஞ்சவைக்கு மட்டும்தான் விருது. செய்துகொண்டிருக்கிற ஆளுக்குக் குடுத்து, பிறகு அவர் ஏதும் பிழையாச் செய்துபோட்டா பேரவைக்கெல்லோ வெட்கம்?"

"நான் இன்னும் வேலையில இருக்கிறன், தம்பி."

"அதை மேடையில சொல்லிப்போடாதேங்கோ அக்கா," என்றான் ரதீசன் அன்போடு. "நேரலையில உலகம் முழுக்கப் போகுது."

சொல்லிக்கொண்டே அவருடைய கைப்பையை வாங்கிக்கொண்டான். விழா நாயகி மடியில் கைப்பை இருந்தால் படம் கெட்டுவிடுமாம். பையை உள்ளறையில் வைத்துப் பூட்டி, திறப்பைத் தலைவரிடம் கொடுத்தான். போனும் பைக்குள்ளேதான் இருந்தது.

விழா ஐந்து மணிக்குத் தொடங்கியது. மேரிறோஸைக் கல்யாண மணவறைக் கதிரையில் ஏற்றினார்கள். அதில் பின்னால் சாய்ந்தால் கால் நிலத்தில் படவில்லை. முன்னால் வந்தால் கைப்பிடியில் செதுக்கிய சிங்கத்தின் தலை விலாவில் குத்தியது. இறந்தவர்களுக்கான அக வணக்கத்துக்கு எல்லோரும் எழுந்து நின்ற ஒரு நிமிடம் மட்டும் அந்த மண்டபம் உண்மையாக இருந்தது. அதற்குப் பிறகு ஒலிவாங்கியைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

தலைவர் பாலேந்திரா தலைமையுரை ஆற்றினார். "நாங்கள் பதவிக்கு ஆசைப்பட்டவர்கள் அல்ல. பதினெட்டு வருடமாக ஒரே ஆளே தலைவராக இருப்பது அதற்குச் சாட்சி. வேறு ஒருவருக்கும் பதவியாசை வராதபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தச் சகோதரியை நாங்கள்தான் கண்டுபிடித்தோம். முப்பது வருடமாக இவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் இருந்தும் இவரைப் பாராட்ட வேண்டும் என்ற எண்ணம் எங்களிடம் இருந்துகொண்டே இருந்தது." மேரிறோஸ் என்ற பெயரை உரை முழுவதும் அவர் ஒரு தடவை சொன்னார், தன் பெயரை எத்தனை தடவை சொன்னார் என்பதைக் கணக்கில் எடுக்காமல் விடுவோம்.

உபதலைவர் கிருஷ்ணமூர்த்தி சென்னைக்காரர், நிதித்துறையில் பெரிய வேலை. அவர் மேரிறோஸ் பக்கம் குனிந்து, "மேடம், நீங்க இருந்தது மாலத்தீவுதானே?" என்று கேட்டார்.

"இல்லை, தலாவோ."

"ஆமா ஆமா, ரெண்டும் ஒண்ணுதான். நான் ஹனிமூனுக்குப் போயிருக்கேன்," என்றவர் ஒலிவாங்கிக்குப் போய் அலைகடல், மலைகடல், கலைக்கடல் என்று தொடங்கித் தம் தேனிலவை இருபது நிமிடம் விவரித்தார். முடிவில், "இப்படிப்பட்ட அழகான இடத்துல முப்பது வருஷம் ஓய்வெடுத்தும் சளைக்காத பெண்மணி" என்று கைகூப்பினார். மண்டபம் கைதட்டியது.

பிறகு பொன்னாடை தொடங்கியது. லண்டனில் தமிழர் சங்கங்கள் எத்தனை என்பது மேரிறோஸுக்கு அன்றுதான் தெரியவந்தது. ஃபாரஸ்ட் கேட் பழைய மாணவர் சங்கம் ஒரு பொன்னாடை, அதிலிருந்து பிரிந்த சங்கம் ஒரு பொன்னாடை, பிரிந்தவர்களைச் சேர்த்துவைக்கத் தொடங்கிய சங்கம் இன்னொரு பொன்னாடை. ஒவ்வொன்றையும் போர்த்தி, படம் எடுத்து, அடுத்தவர் ஏறுமுன் ரதீசன் மேலே இருப்பதை உருவிப் பின்னால் கொடுப்பான். அங்கே இரண்டு பெண்கள் அதை மடித்துத் தட்டில் வைத்து மறுபடி வரிசையில் நிற்பவர்களிடம் நீட்டுவார்கள். மொத்தம் ஐந்தோ ஆறோ பொன்னாடைகள்தான் அந்த மண்டபத்தையே கௌரவித்துக்கொண்டிருந்தன. அவசரத்தில் சிலவற்றை உருவ மறந்துவிட்டான். மேரிறோஸுக்கு மூச்சு முட்டியது.

ஆறு மணி போனது. ஏழும் போனது. "அண்ணை, நான் இறங்கோணும்," என்று அவர் பாலேந்திராவின் கோட்டை இழுத்தார்.

"ஏற்புரைக்கு முதல் விழா நாயகி எழும்பினா அபசகுனம், தங்கச்சி. ஏற்புரை கடைசி. அதுக்குப் பிறகு நன்றியுரை மட்டும்."

"என்ர சனத்தைக் கரையில இருந்து எழுப்பப்போறாங்கள், அண்ணை. எட்டரைக்கு நான் நிக்கோணும்."

"எட்டரைக்குத்தானே உங்களுக்கு விருதே!" என்று தலைவர் பூரித்தார்.

எட்டு மணிக்குப் பிரதம விருந்தினர் வந்தார். தலாவோ நாட்டின் லண்டன் கௌரவத் தூதர் மிஸ்டர் விதர்பி. வெள்ளைத் தலை, மெல்லிய குரல், நல்ல பிறப்பு. நீலக்குடா ரிசோர்ட்ஸ் கம்பனியின் இயக்குநர் சபையிலும் அவர் இருந்தார் என்பதை ரதீசன் பெருமையாக அறிவித்தான். அவர் மேரிறோஸின் பக்கத்துக் கதிரையில் அமர்ந்து, ஆங்கிலத்தில், நோயாளியிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"நீங்கள் ஓய்வு பெறுவதில் எங்களுக்கெல்லாம் எவ்வளவு கவலை தெரியுமா? உங்கள் அரசாங்கமும் இப்போது நேரலையில் பார்த்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் அந்த விருதைத் தொட்டதும் ஓய்வை ஏற்றுக்கொண்டதாக எடுத்து, உடனே ஓய்வூதியப் பணப்பயன்களைத் தொடங்கிவிடுவார்கள். வேலையில் இல்லாதவர் நீதிமன்றத்துக்குச் சிரமப்பட்டு வரவும் தேவையில்லை."

சூறாவளியும் சின்னப் படகும் மந்திரியும் சேர்ந்து தராத பயம் அப்போது மேரிறோஸைப் பிடித்தது. இது பாராட்டு அல்ல, பொறி. பேரவைக்கு அது பொறி என்று தெரியாது. தெரியாமலே கூட்டாக மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள், பட்டு வேட்டியோடு. அவர் முன்வரிசையில் இருந்த றூபினியைப் பார்த்தார். கையைக் காதில் வைத்துக் காட்டினார். கண்ணால் கெஞ்சினார்.

றூபினி கெட்டிக்காரி. நீதிமன்ற இணைப்பை முதல்நாள் தன் போனில்தான் போட்டுச் சரிபார்த்திருந்தாள், தெரேவாவுக்கும் அந்த இலக்கத்தைக் கொடுத்திருந்தாள். மேடைக்கு ஏற முயன்றவளைத் தொண்டர் இருவர் தடுத்தார்கள். பொன்னாடை இல்லாமல் மேடை ஏற முடியாது. அவள் பின்பக்கம் போய், மடித்து வைத்த தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். உடனே எல்லோரும் வழிவிட்டார்கள்.

"எந்த அமைப்பு, தங்கச்சி?" என்றான் ரதீசன்.

"வால்தம்ஸ்டோ பெறாமக்கள் ஒன்றியம்."

"நீண்ட நெடுங்காலமாக அரும்பணி ஆற்றிவரும் வால்தம்ஸ்டோ பெறாமக்கள் ஒன்றியத்தின் சார்பில்..." என்று அவன் முழங்க, றூபினி பொன்னாடையைப் போர்த்தியபடி குனிந்து, "பெரியம்மா, they're calling the case. பிடியுங்கோ," என்று போனை அவர் கையில் திணித்தாள்.

அதே நேரம் விருது வந்தது. கண்ணாடியில் செய்த படகு. அடியில் 'நிறைவுற்ற சேவைக்காக' என்று பொன்னெழுத்து. பேரவை வழக்கப்படி விருதை மேடையில் இருக்கும் அத்தனை பேரும் கைவைத்துப் பிடிக்க வேண்டும். பதினான்கு கைகள் படகைப் பிடித்துவிட்டன, வாங்குபவரின் கை மட்டும் இல்லை. மேரிறோஸ் இரண்டு கையையும் பொன்னாடைகளுக்குள் வைத்து போனை இறுக்கிப் பிடித்திருந்தார். தொட்டால் முடிந்தது.

"கை எங்க அக்கா? கையை வெளியில எடுங்கோ!" என்று படம் பிடிப்பவர் கத்தினார்.

விதர்பி சிரித்தபடி அவருடைய முழங்கையைப் பிடித்து மெதுவாக இழுத்தார். பாலேந்திரா மற்றக் கையை இழுத்தார். அப்போதுதான் பொன்னாடைகளுக்குள்ளேயிருந்து கரகரத்த குரலொன்று ஆங்கிலத்தில் கூப்பிட்டது: "மனேக்கா மக்கள் எதிர் தலாவோ அரசாங்கம். மக்களுக்காக யார்?"

மேரிறோஸ் எழுந்தார். எழுந்த வேகத்தில் ஒன்றைத் தவிர மற்றப் பொன்னாடைகள் சரிந்து விழுந்தன. ஒலிவாங்கிக்குப் போய்ப் போனை முகத்துக்கு நேரே பிடித்தார். "நான் இருக்கிறேன், கனம் நீதிபதி அவர்களே."

போன் திரையில் அரசாங்க வக்கீல் உடனே எழுந்தார். "இவர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த விழா இப்போது நேரலையில் நடக்கிறது. இவருக்கு இங்கே பேச உரிமையில்லை."

நீதிபதி கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "உங்கள் தோளில் இருப்பது என்ன?"

"பொன்னாடை. நான் ஓய்வு பெறவில்லை, கனம் நீதிபதி அவர்களே. என்னைப் போர்த்தியிருக்கிறார்கள். விருதை நான் தொடவில்லை. நேரலையை நீங்களே பார்க்கலாம்."

பிறகு வாதாடினார். கடல் ஏறும் கணக்கையும் ஹோட்டல் வரைபடத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒரே மணலில் ஏழைக்கு ஒரு கடலும் காசுக்காரனுக்கு ஒரு கடலும் எப்படி என்று கேட்டார். மண்டபம் இதுதான் ஏற்புரை என்று எண்ணியது. என்ன இங்கிலீசு, என்ன இங்கிலீசு என்று முன்வரிசை வியந்தது. அவர் 'கனம் நீதிபதி அவர்களே' என்று சொல்லும்போதெல்லாம் அது தங்களைத்தான் என்று சான்றோர்கள் தலையசைத்தார்கள்.

நீதிபதி கட்டளையை வாசித்தார். மனேக்காவில் ஆட்கள் குடியிருக்கும் வரை அந்த நிலத்தில் எவரும் கைவைக்கக் கூடாது. கிராமம் ஆளில்லாமல் வெறுமையானால் மட்டுமே அரசாங்கம் எடுத்துக்கொள்ளலாம். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. மேரிறோஸ் மணவறைக் கதிரையில் விழுந்து, வெட்கமில்லாமல் அழுதார். பயம் இறங்கும்போது அவருக்கு எப்போதும் அழுகைதான் வரும்.

விதர்பி கோபப்படவில்லை. அதுதான் மேரிறோஸின் அழுகையை நிறுத்தியது. அவர் நன்றியுரைக்கு முன்னால் பாலேந்திராவை ஓரமாகக் கூப்பிட்டு, தோளில் கைபோட்டு, காதில் ஏதோ சொன்னார். தலைவரின் முகம் மலர்ந்தது. ஒலிவாங்கிக்கு ஓடி வந்தார்.

"அன்பர்களே! இந்த வெற்றி பேரவையின் வெற்றி. மேடை தந்தது யார்? ஒலிவாங்கி தந்தது யார்? இப்போது இன்னொரு இனிய செய்தி. வருகிற சித்திரையில் எமது விருது ஓர் ஆளுக்கு அல்ல, மனேக்கா என்ற அந்த வீரக் கிராமத்துக்கே! குஞ்சு குருமான் உட்பட அந்தக் கிராமத்தின் கடைசி ஆள்வரை லண்டனுக்கு அழைத்து, இதே மேடையில் பொன்னாடை போர்த்தப் போகிறோம். விமானச் செலவு முழுவதும் எங்கள் அனுசரணையாளர் ஏற்கிறார். ஒருவரையும் விட்டுவிட்டு வரக் கூடாது என்பது மட்டும்தான் அவர்களுடைய அன்பு வேண்டுகோள்!"

"அண்ணை, வேண்டாம்!" என்று மேரிறோஸ் கத்தினார். கைதட்டலில் அது பாலேந்திராவுக்கே கேட்கவில்லை. விதர்பியும் எழுந்து நின்று, எல்லோரையும்விட மெதுவாக, எல்லோரையும்விட நீண்ட நேரம் தட்டினார்.

மேரிறோஸ் கையிலிருந்த றூபினியின் போன் அதிர்ந்தது. தெரேவா. மாதா கோயில் மண்டபத்தில் கிராமம் முழுவதும் கூடி, திரையின் அடியில் ஓடிய ஆங்கில எழுத்தோடு நேரலையைப் பார்த்திருக்கிறது. பின்னால் பிள்ளைகள் கூச்சலிடுவது கேட்டது.

"தெரேவா, கேள்," என்று மேரிறோஸ் தீவு மொழியில், மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். "அவர்கள் வந்து கூப்பிட்டால் ஒருவரும் எழும்பாதீர்கள். சத்தியம் பண்ணு. ஒருவர்கூட அசையக் கூடாது."

மறுபக்கத்தில் கிழவி சிரித்தாள். சந்தோசத்தில் அவளுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

"உங்களுக்குப் போட்ட அந்த மின்னுகிற துணி, எங்களுக்கும் போடுவார்களாமே? எல்லோரும் பெட்டி தேடுகிறார்கள். அங்கே சித்திரையில் குளிருமா, மேரி?"